35 இன்ச் டயருக்கு எந்த கிரவுன் பினியன்? ஜீப் ரேங்ளர் ஜேகேயில் 3.73-லிருந்து 4.88-க்கு

வண்டி: ஜீப் ரேங்ளர் அன்லிமிடெட் சஹாரா, 2013 மாடல், ஜேகே வரிசை. 3.6 லிட்டர் பென்டாஸ்டார் பெட்ரோல் இன்ஜின், 5 கியர் ஆட்டோமேட்டிக். முன் ஆக்சில் டானா 30, பின் ஆக்சில் டானா 44. ஆக்சிலுக்குள் இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன்: பெரியது கிரவுன், சிறியது பினியன். கிரவுன் ஒருமுறை சுழல பினியன் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதே ரேஷியோ. கம்பெனி ரேஷியோ 3.73, கம்பெனி டயர் 255/70 ஆர்18. இப்போது மாட்டியிருப்பது 35×12.50 ஆர்17. ஓடும் ஊர் அமெரிக்காவின் கொலராடோ. டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறி, அங்கிருந்து மலைப்பாதைகளுக்கு இறங்கும் வண்டி.

டயர் மாற்றியதும் வரும் புகார் எல்லா 5 கியர் ஜேகேயிலும் ஒன்றுதான்: ஐந்தாவது கியர் நிற்பதில்லை. சமவெளியில் எதிர்க்காற்று கொஞ்சம் அடித்தாலே நாலாவதுக்கு இறங்குகிறது, ஏற்றத்தில் மூன்றாவதுக்கு. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போவதால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை அதே விகிதத்தில் குறைகிறது. அத்தோடு 35 இன்ச் டயர் ஒன்றே 30 கிலோவை ஒட்டி இருக்கும். அந்த எடை அச்சிலிருந்து தள்ளி, விளிம்பில் உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் இன்ஜின் அதைச் சுழற்றியாக வேண்டும். வண்டியை உயர்த்தியதில் காற்றின் தடையும் கூடுகிறது. ரேஷியோ தேர்வில் பலர் முதல் காரணத்தை மட்டும் கணக்கில் எடுத்து, மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பாதித் தேர்வு தவறிப்போகிறது.

முதலில் டயரை அளக்க வேண்டும்

டயர் பக்கவாட்டில் 35 என்று அச்சடித்திருப்பதைக் கணக்கில் போடாதீர்கள். 35 என்று விற்கும் டயர் எடை ஏறாமல் நிற்கும்போதே பெரும்பாலும் 34.5 இன்ச்தான் இருக்கும். வண்டியின் எடை ஏறி, காற்று ஓட்டும் அளவுக்கு இருக்கும்போது உருளும் தூரம் இன்னும் குறையும். அளப்பது எளிது. சமமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரே கோடு போடுங்கள். வண்டியைத் தள்ளி, டயர் கோடு மறுபடி நேர் கீழே வந்ததும் தரையில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் நமக்கு வேண்டிய எண். இந்த அளவு டயருக்கு 2.67 மீட்டரை ஒட்டி வரும். கம்பெனி 255/70 ஆர்18-க்கு 2.48 மீட்டரை ஒட்டி. 35 என்ற எண்ணை அப்படியே நம்பியிருந்தால் 2.79 மீட்டர் என்று கணக்கு போட்டிருப்போம். நாலரை சதவீதப் பிழை, கிட்டத்தட்ட ஒரு ரேஷியோ படிக்குச் சமம்.

இன்ஜின் சுற்றுக்கான கணக்கு: மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை 16.67-ஆல் பெருக்கி, அதை ஆக்சில் ரேஷியோவாலும் கியர் ரேஷியோவாலும் பெருக்கி, உருளும் தூரத்தால் (மீட்டரில்) வகுத்தால் நிமிடச் சுற்று. இந்த 5 கியர் ஆட்டோமேட்டிக்கின் ரேஷியோக்கள் 3.59, 2.19, 1.41, 1.00, 0.83. டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியே விசையைக் கடத்துவது) லாக் ஆன நிலையில், 110 கிலோமீட்டர் வேகத்தில், ஐந்தாவது கியரில்:

கம்பெனி டயர், 3.73: 2290 சுற்று
கம்பெனி டயர், 4.10 (ரூபிகான் மாடல்): 2520
35 டயர், 3.73: 2130
35 டயர், 4.10: 2340
35 டயர், 4.56: 2600
35 டயர், 4.88: 2780
35 டயர், 5.13: 2920

பழைய நிலைக்குத் திரும்பினால் போதும் என்று நினைப்பவருக்கு 3.73-ஐ 2.67-ஆல் பெருக்கி 2.48-ஆல் வகுத்தால் 4.02. கடையில் கிடைப்பதில் அதற்கு நெருக்கமானது 4.10. பல இடங்களில் சுற்றும் அட்டவணைகளும் அதைத்தான் சொல்லும். இந்த வண்டிக்கு அது போதாது. கம்பெனி டயரோடு 3.73 இருந்தபோதே இழுவை தாராளம் அல்ல. அதே நிலைக்குத் திரும்பினால் பழைய குறை அப்படியே இருக்கும், அதன்மேல் டயர் எடையும் காற்றுத் தடையும் ஏறும். பென்டாஸ்டார் இன்ஜினின் உச்ச முறுக்கு விசை 353 நியூட்டன் மீட்டர், அது வருவது 4800 சுற்றில். 2100 சுற்றில் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போகிற இன்ஜின் அல்ல இது.

எந்த கியரில் வண்டி உண்மையில் ஓடுகிறது என்று பார்ப்பதே சரியான வழி. 3.73-லேயே விட்டால் 110-இல் இந்த வண்டி பெரும்பாலும் நாலாவது கியரில்தான் நிற்கும். அப்போது சுற்று 2560. ஐந்தாவதில் 2130 சுற்று என்பது காகிதத்தில் மட்டும்தான். ஏற்றம் வந்ததும் மூன்றாவதுக்கு இறங்கி 3610-க்குப் பாயும். கொஞ்சம் தணிந்ததும் நாலாவதுக்கு ஏறும், மறுபடி இறங்கும். 4.88 போட்டால் ஐந்தாவதிலேயே 2780 சுற்று, அதுவும் பழைய நாலாவதைவிடக் கூடுதல் இழுவையோடு: 4.88-ஐ 0.83-ஆல் பெருக்கினால் 4.05, பழைய நாலாவதில் இருந்தது வெறும் 3.73. ஏற்றத்தில் ஒரு கியர் இறங்கினால் 3350. அதாவது இன்ஜின் சராசரியாக அதிகமாகச் சுற்றுவதில்லை. ஏறி இறங்கி அலைவதுதான் நிற்கிறது. கியர் பாக்ஸ் ஆயிலின் சூடும் இதனால்தான் குறைகிறது, ஏனென்றால் கன்வர்ட்டர் லாக் அவிழ்ந்து வழுக்கும் நேரம் குறைகிறது.

கொலராடோ என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. டர்போ இல்லாத இன்ஜின் 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். டென்வரே 1600 மீட்டர் உயரம். ஐ-70-இல் ஐசனோவர் சுரங்கம் 3400 மீட்டர். அங்கே இந்த இன்ஜினின் 285 குதிரைத் திறனில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். கடல் மட்டத்தில் ஃபுளோரிடாவின் சமவெளியில் ஓடும் இதே வண்டிக்கு 4.56 போதும் என்று தயங்காமல் சொல்லலாம். இங்கே 4.88.

5.13 ஏன் வேண்டாம்? 2920 சுற்று என்பது பென்டாஸ்டாருக்குச் சுமை அல்ல. தடை முன் ஆக்சில்தான். 5.13-இல் 41 பல்லுக்கு 8 பல், 4.88-இல் 39 பல்லுக்கு 8 பல். பினியனின் பல் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றேதான் என்றாலும் ரேஷியோ ஏற ஏற பினியனின் தலை சிறுத்துக்கொண்டே போகும். ஒரே நேரத்தில் கவ்வும் பல்லின் பரப்பும் குறையும். ஜேகேயின் டானா 30-இல் கிரவுன் விட்டம் 186 மில்லிமீட்டர்தான். ரூபிகானின் முன் டானா 44-இல் 216, எல்லா ஜேகேயிலும் பின் டானா 44-இல் 226. 35 டயரோடு பாறையில் முன்சக்கரம் சிக்கி, ஆக்சிலேட்டரை மிதிக்கிற இடத்தில் டானா 30-இன் சிறிய பினியனை நம்பக் கூடாது. பிற்காலத்தில் 37 இன்ச் டயர் போடும் எண்ணம் இருந்தால் 5.13 சரியான ரேஷியோ. 37-இல் உருளும் தூரம் 2.82 மீட்டரை ஒட்டி வரும், 5.13-ஓடு 110-இல் 2770 சுற்று, 35-க்கு 4.88 கொடுப்பது போலவே. ஆனால் அந்த முடிவை எடுக்கும்போது முன் ஆக்சிலையும் சேர்த்து மாற்றும் பணத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஜேகேக்களுக்கு ஒரு வரி. 2007 முதல் 2011 வரையிலான 3.8 லிட்டர் வண்டியில் 4 கியர் ஆட்டோமேட்டிக் இருந்தால் அதன் டாப் கியர் 0.69. 35 டயரோடு 4.88 போட்டாலும் 110-இல் 2310 சுற்றுதான், 5.13-இல் 2430. அந்த இன்ஜினும் 202 குதிரைத் திறன்தான். அதற்கு 5.13 தயங்காமல் போடலாம், டானா 30 எச்சரிக்கை மட்டும் அங்கேயும் பொருந்தும். அதே ஆண்டுகளின் 6 கியர் மேனுவலில் டாப் 0.84 என்பதால் 4.56-லேயே 2630 சுற்று வந்துவிடும். ஒரே வண்டி, ஒரே டயர், கியர் பாக்ஸ் மாறினால் ரேஷியோ இரண்டு படி நகர்கிறது. பக்கத்து வீட்டு ஜேகேயைப் பார்த்து ரேஷியோ வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பாறையில் ஊர்வதற்காக ஆக்சில் ரேஷியோவை ஏற்றுவது வீண் செலவு. அது டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து, லோ ரேஷியோவும் தரும் பெட்டி) வேலை. சஹாராவின் டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.72, ரூபிகானின் லோ 4.0. இந்த வண்டியில் 4.88 போட்டபின் முதல் கியரில் மொத்த ரேஷியோ 3.59×2.72×4.88, அதாவது 47.7. மாற்றம் எதுவும் செய்யாத ரூபிகான் ஆட்டோமேட்டிக்கில் 3.59×4.0×4.10 என்று 58.9. ஆக்சிலை எவ்வளவு ஏற்றினாலும் அந்த இடைவெளி மூடாது. ஆக்சில் ரேஷியோவை நெடுஞ்சாலைக்காகத் தேர்ந்தெடுங்கள், ஊர்வதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸைப் பாருங்கள்.

வாங்க வேண்டியவை

இப்போது உள்ள ரேஷியோவைக் கண்ணால் உறுதி செய்துகொண்டு பிறகு பணம் கட்டுங்கள். பழைய வண்டி என்றால் முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கலாம். டிஃப்ரன்ஷியல் மூடியைக் கழற்றினால் கிரவுனின் விளிம்பில் பல் எண்ணிக்கை பொறித்திருக்கும். 41 11 என்றால் 3.73.

கேரியர்தான் (கிரவுன் போல்ட் செய்யப்பட்டு உட்காரும் டிஃப்ரன்ஷியல் கூடு) அடுத்த கேள்வி. ரேஷியோ ஏறினால் பினியன் சிறுக்கும், சிறுத்த பினியனைத் தொட கிரவுன் அதன் பக்கமாக நகர்ந்து உட்கார வேண்டும். அதனால் கேரியரின் விளிம்பு இருக்கும் இடம் ஒரு ரேஷியோ எல்லைக்குப் பிறகு மாறும். ஜேகே சஹாராவில் 3.73-உடன் வந்த கேரியர் 4.88-க்குச் சரியாகப் பொருந்தும். 3.21-உடன் வந்த கேரியர் பொருந்தாது. அந்த வண்டிக்காரர்கள் புது கேரியர் வாங்கியே ஆக வேண்டும். எப்படியும் வாங்க வேண்டும் என்றால் அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து லாக்கரையே (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுழற்றும் டிஃப்ரன்ஷியல்) வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். ஒருமுறை திறந்து மூடிய ஆக்சிலை இரண்டாவது முறை திறக்கும் கூலி மிச்சம்.

முன் ஆக்சிலுக்கு வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஜேகேயின் முன் ஆக்சில்கள் உயர் பினியன் வகை. பினியன் நடுக்கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும், பல்லின் வளைவு எதிர்த்திசையில் வெட்டியிருக்கும். ரிவர்ஸ் கட் என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய ரேங்ளருக்கான சாதாரண டானா 30 செட்டை வாங்கி வந்தால் உள்ளேயே போகாது.

ஒவ்வொரு ஆக்சிலுக்கும்: கிரவுன் பினியன் ஜோடி, மாஸ்டர் இன்ஸ்டால் கிட் (பினியன் பேரிங், கேரியர் பேரிங், ஷிம்கள், கிரஷ் ஸ்லீவ், பினியன் நட், ஆயில் சீல், கிரவுன் போல்ட், மார்க்கிங் பேஸ்ட்), மூடிக்கு சிலிக்கோன் சீலன்ட் அல்லது கேஸ்கெட், 80டபிள்யூ-90 ஜிஎல்-5 மினரல் கியர் ஆயில். ஷிம் என்பது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு. கிரஷ் ஸ்லீவ் என்பது இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவே நசுங்கி இறுக்கம் தரும் குழாய், அது மட்டும் ஆக்சிலுக்கு இரண்டு கூடுதலாக. முன் ஆக்சிலுக்கு உள் ஆயில் சீல் இரண்டும் வாங்குங்கள். ஜேகேயில் அவை கேரியரை ஒட்டி ஹவுசிங்கின் உள்ளே இருக்கின்றன, கேரியர் வெளியே இருக்கும்போது மட்டுமே மாற்ற முடியும்.

கருவிகளில் மாற்று இல்லாதவை: காந்த அடியோடு டயல் கேஜ், மைக்ரோமீட்டர், பேரிங் இழுக்கும் புல்லர், பிரஸ், இன்ச்-பவுண்டில் காட்டும் முள் வகை டார்க் ரெஞ்ச். கிளிக் வகை ரெஞ்ச் பினியன் சுழற்சியை அளக்கப் பயன்படாது. அது ஒரு அளவைத் தாண்டியதும் கிளிக் அடிக்கும், சுழலும்போது என்ன அளவு என்று காட்டாது. அதோடு பழைய பினியன் பேரிங்கின் உள் துவாரத்தைக் கிரைண்டரால் கொஞ்சம் தேய்த்து, கையால் ஏறி இறங்கும் செட்டப் பேரிங்காக மாற்றிக்கொள்ளுங்கள். ஷிம் மாற்றும் ஒவ்வொரு முறையும் புது பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றி இறக்கினால் பேரிங்கும் கெடும், பொறுமையும் கெடும்.

கழற்றுதல்

முன்னால் ஆக்சில் நட் 36 மில்லிமீட்டர், பிறகு ஹப் யூனிட், ஷாஃப்ட். பின்னால் பிரேக்கை எடுத்து, பேக்கிங் பிளேட்டின் பின்னே உள்ள நான்கு நட்டைக் கழற்றினால் ஷாஃப்ட் பேரிங்கோடு சேர்ந்து வெளியே வரும். இதில் சிக்கல் எதுவும் கிடையாது.

கேரியர் பேரிங் கேப்களில் கவனம் வேண்டும். அவை ஹவுசிங்கோடு சேர்த்துத் துளைபோட்டவை, இடம் வலம் மாற்றக் கூடாது, தலைகீழாகவும் போடக் கூடாது. கேப்பிலும் ஹவுசிங்கிலும் எழுத்து பொறித்திருக்கும். இல்லாவிட்டால் சென்டர் பஞ்சால் ஒருபுறம் ஒரு புள்ளி, மறுபுறம் இரண்டு புள்ளி குத்திக்கொள்ளுங்கள். கேரியரோடு வரும் ஷிம்களை எந்தப் பக்கத்தது என்று குறித்து, மைக்ரோமீட்டரால் அளந்து எழுதி வைக்க வேண்டும். பினியன் ஷிம்மும் அப்படியே. புது செட்டுக்கு அதே தடிமன்தான் தொடக்கப் புள்ளி.

கிரவுனைக் கேரியரில் ஏற்றும் முன் இரண்டு முகத்தையும் எண்ணெய்க் கல்லால் தடவிச் சிராய்ப்பை எடுங்கள். கிரவுனைக் கொதிநீரில் போட்டுச் சூடாக்கினால் தானாக இறங்கி உட்காரும். போல்ட்டைத் திருகி இழுத்து உட்கார வைப்பவர்கள் கேரியர் விளிம்பில் உலோகத் துகளைச் சீவி, அதன்மேலேயே கிரவுனை உட்கார வைக்கிறார்கள். புது போல்ட், சிவப்பு திரெட்லாக்கர், எதிரெதிராக மூன்று கட்டத்தில் இறுக்கம். டார்க் அளவு கிட்டோடு வரும் தாளில் உள்ளபடி.

பினியன் ஆழமும் பல் தடமும்

முழு வேலையின் உயிரும் இங்கேதான். கிரவுன் பினியன் ஜோடியாக அரைத்துப் பொருத்தப்பட்டவை, இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும், அதை முதலில் சரிபாருங்கள்.

கிரஷ் ஸ்லீவ் இல்லாமல், செட்டப் பேரிங்கோடு பினியனை மாட்டி, நட்டை ஆட்டம் இல்லாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கேரியரை இறக்கி, கேப் போட்டு, பேக்லாஷை (கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே உள்ள ஆட்டம்) பாருங்கள். டயல் கேஜின் முனை கிரவுன் பல்லின் வெளிமுனையில், பல்லுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அளவு தவறாகக் காட்டும். பினியனை ஒரு கையால் அசையாமல் பிடித்து, கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டினால் முள் நகரும் அளவே பேக்லாஷ். 0.15-லிருந்து 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கால் சுற்றுக்கு ஒருமுறை, நான்கு இடத்தில் பாருங்கள். இடத்துக்கு இடம் 0.05-க்கு மேல் மாறினால் கிரவுனுக்கு அடியில் அழுக்கோ சிராய்ப்போ சிக்கியிருக்கிறது. கழற்றித் துடைக்காமல் மேலே போகக் கூடாது.

பேக்லாஷ் அதிகம் என்றால் கிரவுனின் முதுகுப் பக்கம் ஷிம்மைக் கூட்டி, எதிர்ப்பக்கம் அதே அளவு குறையுங்கள். மொத்தத் தடிமன் மாறாவிட்டால் பேரிங் இறுக்கம் மாறாது.

பிறகு மஞ்சள் நிற மார்க்கிங் பேஸ்ட். நாலைந்து பல்லில் இருபுறமும் மெல்லிசாகத் தடவி, கிரவுனுக்கு எதிராக ஒரு மரக்கட்டையை அழுத்தி எதிர்ப்புக் கொடுத்துக்கொண்டே பினியனைச் சுழற்றுங்கள். எதிர்ப்பு இல்லாமல் சும்மா சுழற்றினால் தடம் மங்கலாக விழும், படிக்க முடியாது. இரு திசையிலும் சுழற்றிய பிறகு பல்லைப் பாருங்கள். பேஸ்ட் பிதுங்கி உலோகம் பளிச்சிடும் இடமே தடம்.

தடம் பல்லின் உச்சிப் பக்கம் விழுந்தால் பினியன் கிரவுனிலிருந்து தள்ளி இருக்கிறது, பினியன் ஷிம்மைக் கூட்டுங்கள். அடிவேர்ப் பக்கம் ஆழமாக விழுந்தால் பினியன் அதிகமாக உள்ளே வந்திருக்கிறது, குறையுங்கள். நடுவில் விழ வேண்டும், உச்சியிலும் அடியிலும் கொஞ்சம் வெள்ளை இடம் விட்டு, ஓரங்கள் மெல்ல மங்கிப்போகிற மாதிரி. கத்தியால் கீறியதுபோல் கூர்மையான ஓரம் இருந்தால் இன்னும் சரியில்லை. பல்லின் நீளவாக்கில் உள்முனைப் பக்கமோ வெளிமுனைப் பக்கமோ நகர்ந்திருப்பது பெரும்பாலும் பேக்லாஷால் வருவது. உச்சி, அடி என்று நகர்வது ஆழத்தால் வருவது. இந்த இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்பவர்கள்தான் நாள் முழுக்க ஷிம் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

முதல் முறை ஷிம் மாற்றும்போது 0.12 மில்லிமீட்டர் போலத் தாராளமாக மாற்றுங்கள். தடம் எந்தத் திசையில் நகர்கிறது என்று தெளிவாகத் தெரியும். நெருங்கியபின் 0.05 அளவில் மாற்றலாம். ஆழத்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் பேக்லாஷ் மாறிவிடும். அதை மறுபடி எல்லைக்குள் கொண்டுவந்த பிறகுதான் தடத்தைப் படிக்க வேண்டும். முன் ஓட்டப் பக்கத்தை (ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அழுத்தம் ஏறும் பல் முகம்) முதலில் நேராக்குங்கள். பின் இழுப்புப் பக்கம் (மிதியை விடும்போது அழுத்தம் ஏறும் முகம்) கொஞ்சம் விலகி இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், முன் ஓட்டப் பக்கம் விலகக் கூடாது.

கிரஷ் ஸ்லீவ்

ஆழம் முடிவானதும் அதே தடிமன் ஷிம்மோடு புது பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றி, கிரஷ் ஸ்லீவ், வெளி பேரிங், சீல், ஃபிளேஞ்ச், புது நட். நட்டின் இழையில் திரெட்லாக்கர். ஸ்லீவ் நசுங்கத் தொடங்குவதற்கு மிகப் பெரிய விசை வேண்டும், முக்கால் இன்ச் டிரைவும் நீளமான குழாயும் இல்லாமல் நடக்காது. ஃபிளேஞ்சைப் பிடிக்க ஒரு இரும்புப் பட்டையில் துளை போட்டு போல்ட் செய்து, மறுமுனையைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

நசுங்கத் தொடங்கியபின் மிகச் சிறிய அசைவு போதும். நட்டைக் கொஞ்சம் திருப்புவது, ரெஞ்சை மாட்டிப் பினியனைச் சுழற்றி அளப்பது, மறுபடி கொஞ்சம். டானா 30, 44-க்கான கிட் தாள்களில் புது பேரிங்குக்குப் பொதுவாக 14-லிருந்து 19 இன்ச்-பவுண்டு கேட்பார்கள், உங்கள் தாளில் உள்ளதே இறுதி. தொடக்கத்தில் நகர்த்தும் விசையை விட்டுவிட்டு, சீராகச் சுழலும்போது முள் காட்டும் அளவை எடுங்கள். எல்லையைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்தி அளவைக் குறைக்கப் பார்க்காதீர்கள். ஸ்லீவ் ஒருமுறை நசுங்கினால் திரும்ப நிமிராது. நட் தளர்ந்தே நிற்கும், கொஞ்ச நாளில் பினியன் முன்னும் பின்னும் ஆடும். புது ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து. கூடுதலாக இரண்டு வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

கேரியரை இறுதியாக இறக்கும்போது இருபுறமும் ஷிம் சேர்த்து இறுக்கம் கொடுக்க வேண்டும், கையால் போட்டால் விழுகிற நிலையில் விடக் கூடாது. பிறகு பேக்லாஷையும் தடத்தையும் கடைசியாக ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள்.

முன் ஆக்சிலில் வேலை இதேதான், பல்லின் திசை மட்டும் எதிர். ஜேகேயில் முன் ஹப்பை விடுவிக்கும் வசதி கிடையாது. 2-வீல் டிரைவில் ஓடும்போதும் முன் கிரவுன் பினியன் சும்மா சுழன்றுகொண்டே இருக்கும். அதனால் முன்னால் சுமை இல்லை, எப்படி வைத்தாலும் சரி என்று பேரிங் இறுக்கத்தில் அலட்சியம் காட்டாதீர்கள், நெடுஞ்சாலையில் சத்தம் அங்கிருந்துதான் வரும். ஷாஃப்ட்டைத் திரும்பச் சொருகும்போது ஸ்பிளைன் புது சீலின் உதட்டைக் கிழிக்காமல் நேராகத் தாங்கிப் பிடித்துத் தள்ளுங்கள்.

முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ முடியும்வரை 4-வீல் டிரைவ் லீவரைத் தொடக் கூடாது. ஒரு ஆக்சில் 4.88, மற்றது 3.73 என்ற நிலையில் 4-வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஷாஃப்ட்டும் ஒன்றையொன்று முறுக்கும், எது பலவீனமோ அது உடையும்.

கம்ப்யூட்டரும் ஓட்டிப் பழக்குவதும்

வண்டியின் கம்ப்யூட்டருக்கு டயர் அளவு, ஆக்சில் ரேஷியோ இரண்டையும் சொல்ல வேண்டும். ஏஇவி புரோகேல் போன்ற கருவியை ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு கருவியை இணைக்கும் இடம்) சொருகி மாற்றலாம். டயர் அளவு கேட்கும் இடத்தில் 35 என்று போடாமல், உருளும் தூரத்தை 3.1416-ஆல் வகுத்து இன்ச்சாக்கிப் போடுங்கள். 2.67 மீட்டருக்கு 33.5 இன்ச். ரேஷியோவைச் சொல்லாமல் விட்டால் கியர் மாறும் நேரம் தாறுமாறாகும், புது கிரவுன் பினியன்மேல் வீண் சந்தேகம் வரும்.

ஆயிலை நிரப்பும் துளையின் அடிவிளிம்பு வரை ஊற்றுங்கள். பின் ஆக்சிலில் கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃப்ரன்ஷியல்) இருந்தால் அதற்காக ஆயிலில் சேர்க்கும் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையரும் தேவை.

முதல் ஓட்டம் 15-லிருந்து 20 நிமிடம், மிதமான வேகம், பிறகு முழுதாக ஆறும்வரை நிறுத்துங்கள். இதைச் சில முறை. முதல் 800 கிலோமீட்டருக்கு டிரெய்லர் இழுப்பது, நீண்ட ஏற்றத்தில் முழு மிதி, நெடுநேர அதிவேகம் எதுவும் வேண்டாம். புது பல்லின் முகம் ஒன்றோடொன்று தேய்ந்து பளபளப்பாகும்வரை உராய்வுச் சூடு அதிகம். அந்தச் சூட்டில் ஆயில் படலம் கிழிந்தால் பல்லின் மேற்பரப்பு கடினம் இழந்துவிடும், பிறகு எவ்வளவு ஆயில் மாற்றினாலும் பயனில்லை. ஓடியதும் ஹவுசிங்கைப் பினியன் பேரிங் இருக்கும் இடத்தில் தொட்டுப் பாருங்கள். மற்ற இடத்தைவிட அங்கே மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம்.

800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. கையில் உரசும் துகளோ செதிலோ இருந்தால் மூடியைத் திறந்தே பார்க்க வேண்டும்.

சத்தம் வந்தால் எப்போது வருகிறது என்பதே வழிகாட்டி. ஆக்சிலேட்டரை விட்டு வண்டி தானாக ஓடும்போது மட்டும் ஊளையிட்டால் முதலில் பினியன் நட்டும் பேரிங் இறுக்கமும். மிதிக்கும்போது ஊளையிட்டால் பினியன் ஆழம், எழுதி வைத்த தடத்தை எடுத்து ஒப்பிடுங்கள். மிதியும் விடுதலும் மாறும் அந்த நொடியில் ஒரு அடி விழுந்தால் பேக்லாஷ் அதிகம், அல்லது புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. மிதியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும் உறுமல் என்றால் ஆக்சிலைத் திறக்கும் முன் டயரைப் பாருங்கள். 35 இன்ச் மட் டயரின் கட்டைகள் சாலையில் எழுப்பும் சத்தம் கிரவுன் சத்தத்தைப் போலவே இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு நாள் கம்பெனி டயரை மாட்டி ஓட்டுங்கள், சத்தம் நின்றுவிட்டால் ஆக்சிலில் குறை இல்லை.